திருப்பி முடித்த படகு

தூத்துக்குடியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெர்ப்பெத்துக்கு வயது முப்பத்து நான்கு. அவளிடம் படிக்கும் வக்கீல் குற்றாலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு. வயதைப் பற்றி இரண்டு பேருமே கவலைப்பட்டதில்லை. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள்.

வக்கீல் படகை விட நன்றாகப் படித்தது போட்டி விதிப் புத்தகத்தைத்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எண்ணோடு ஒப்பிப்பார். அந்தப் புத்தகத்தைப் படகும் படித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, போட்டி முடிந்து ஈரக் கால்சட்டையோடு படகுக் கொட்டகைக்குள் வந்தார்.

"டீச்சர், நாலு மணிக்கு விசாரணை. நீங்க எனக்குச் சாட்சி சொல்லணும்."

"யாரு புகார் கொடுத்திருக்கா?"

"செண்பகம்."

செண்பகவல்லி அவர் மனைவி. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்துதான் இங்கே கற்றுக்கொள்ள வந்தார்கள். மூன்று மாதமாக அவள் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். வக்கீலின் குடிதான் காரணம். அதை ஊரே அறியும், அவரும் மறுப்பதில்லை. இப்போது விட்டுவிட்டார், அன்றோடு அறுபத்து மூன்று நாள். தினமும் காலையில் அவளுக்குப் போன் போட்டு அன்றைய எண்ணிக்கையைச் சொல்வார். சொன்ன கையோடு, எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்பார். வருகிறேன் என்றும் அவள் சொல்வதில்லை, மாட்டேன் என்றும் சொல்வதில்லை. மனிதருக்கு அதுதான் தாங்கவில்லை.

போட்டியில் நடந்தது இதுதான். எதிர்க்காற்றில் பாய்மரப் படகு நேராகப் போகாது. கொஞ்ச தூரம் ஒரு பக்கமாக ஓடி, மூக்கைக் காற்றுக்குள் கொடுத்துத் திருப்பி, பிறகு மறுபக்கமாக ஓட வேண்டும். பாய் மறுபடி காற்றைப் பிடித்துத் திருப்பி முடியும் வரை, மற்றப் படகுக்குத்தான் வழி. செண்பகவல்லி தன் போக்கில் வந்துகொண்டிருந்தாள். வக்கீல் அவள் படகின் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய்த் திருப்பினார். தன் கை நடுங்காமல் சுக்கான் பிடிப்பதை அவள் பக்கத்திலிருந்து பார்க்கட்டும் என்று ஓர் ஆசை. "திருப்பியாச்சு, வழி எனக்கு" என்று குரல் வேறு கொடுத்தார். மோதாமல் இருக்க அவள் சுக்கானைச் சட்டென்று தள்ளினாள், படகு கவிழ்ந்தது. நீந்தி ஏறியதும் முதல் வேலையாகப் புகாருக்கான சிவப்புத் துணியைக் காட்டினாள்.

"நான் திருப்பி முடிச்சிட்டேன் டீச்சர். முடிச்சவனுக்குத்தானே வழி? நீங்க கரையில நின்னு பாத்தீங்கள்லா. முடிச்சேனா இல்லையா?"

பெர்ப்பெத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணுதான் ஆகுது. வாங்க சார், தண்ணிக்குப் போவோம்."

ஆளுக்கொரு படகை இறக்கினார்கள்.

"போட்டியில செண்பகம் அக்கா வந்த மாதிரி நீங்க உங்க போக்குல வாங்க. நான் முன்னால வந்து திருப்புதேன்."

வக்கீல் வந்தார். பெர்ப்பெத் குறுக்கே வந்து அவருக்கு முன்னால் திருப்பத் தொடங்கினாள். பாதியில் விட்டுவிட்டாள். அவள் படகு மூக்கைக் காற்றுக்குள் நீட்டியபடி, பாய் படபடக்க, அப்படியே நின்றுவிட்டது. வக்கீலுக்கு உயிரே போய்விட்டது. சுக்கானைத் தள்ளி, நூலிழையில் தப்பினார்.

"என்ன டீச்சர் இது?"

"இன்னொரு மட்டம் வாங்க."

மறுபடி வந்தார். மறுபடி அவள் முன்னால் வந்து திருப்பினாள். இந்தத் தடவை ஒரு குறையும் இல்லை. பாய் காற்றைப் பிடித்தது, படகு நேராக ஓடியது. ஆனால் அவள் திருப்பத் தொடங்கியபோதே வக்கீல் ஒதுங்கி எங்கோ போய்விட்டிருந்தார்.

"முழுசா முடிச்சிட்டேனே சார். வழி எனக்குத்தானே வந்துச்சு. அதுக்கு முந்தியே ஏன் ஒதுங்கினீங்க?"

வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது.

"முடிப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? போன தடவை பாதியிலதானே நின்னீங்க?"

சொன்னதை அவர் காதே கேட்டது. சபரிமலைக்கு மாலை போட்டபோது ஒரு தடவை குடியை விட்டார், மாலையைக் கழற்றிய மறுநாளே தொடங்கினார். மஞ்சள் காமாலை வந்தபோது ஒரு தடவை. மகள் கல்யாணத்துக்கு ஒரு தடவை, அது மறுவீடு வரைக்கும் கூடத் தாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் செண்பகத்திடம் விட்டாச்சு என்றுதான் சொல்லியிருந்தார். பாய்க்கயிறு கையில் இருந்தது, இழுக்கத் தோன்றவில்லை.

"நேரமாச்சு சார்" என்றாள் பெர்ப்பெத். "கரைக்குப் போவோம்."

விசாரணை மேசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். செண்பகவல்லி ஈரத்தலையோடு ஓரமாக நின்றாள். நடுவில் இருந்தவர் கேட்டார்.

"திருப்பி முடிச்சீங்களா?"

"முடிக்கலை. என் பாய் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. வழி அவங்களுக்குத்தான். தப்பு என்னுது."

இருபத்தாறு வருட வக்கீல் தொழிலில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தார். பிறகு போட்டிப் பட்டியலில் குற்றாலிங்கத்தின் பெயரை அடித்து நீக்கினார்.

செண்பகவல்லி கணவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

வக்கீல் கொட்டகைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். போன் கையில் இருந்தது.

"ஒத்துக்கிட்டேன் டீச்சர். எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டேன். இப்பச் செண்பகத்தைக் கூப்பிட்டு, நீ எப்ப வீட்டுக்கு வாரேன்னு கேக்கட்டுமா?"

பெர்ப்பெத் பாயை மடித்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பி முடிச்சு வழி வாங்கின படகு, முதல்ல என்ன செய்யணும் சார்?"

"அடுத்த படகு ஒதுங்கிக்கிட இடம் விடணும். பதினஞ்சாவது விதி."

"எவ்வளவு நேரத்துக்குன்னு போட்டிருக்கா?"

வக்கீல் மொத்தப் புத்தகத்தையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார்.

"இல்லை டீச்சர். நேரம் போடலை."

"அப்ப செண்பகம் அக்கா வேணுங்கிற மட்டும் நேரம் எடுத்துக்கிடட்டும்."