மண்புழுக் கட்டுரையின் ஆறு ஆசிரியர்கள்

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தொன்பது.

நம் ஊர்க் கல்லூரிகளில் இதெல்லாம் சகஜம். பதினெட்டு வருடம் பாடம் நடத்தி, தலை பாதி நரைத்த பிறகு, பிஎச்.டி. இல்லாமல் இனி நகர முடியாது என்று ஒரு சுற்றறிக்கை வரும். அப்புறம் தன்னைவிடச் சின்னவரிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான். விலங்கியல் ஆசிரியர் சந்தியாகு அப்படித்தான் பல்கலைக்கழகத்தில் மெகருன்னிசாவிடம் வந்து சேர்ந்தார். அந்த அம்மாள் இவரை "சார்" என்பார். இவர் "மேடம்" என்பார். ஏழு வருடமாக ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை சந்தியாகு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கையில் ஓர் ஆய்விதழிலிருந்து வந்த கடிதம்.

"மேடம், நம்ம பேப்பர் திரும்பி வந்துடுச்சு."

"வேணாம்னுட்டாங்களா?"

"அதைவிட மோசம் மேடம். படிவம் அனுப்பியிருக்காங்க."

மெகருன்னிசா வாங்கிப் பார்த்தார். லால்குடிப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில், பூச்சிமருந்து அடித்த பாத்திகளிலும் அடிக்காத பாத்திகளிலும் எட்டு வாரம் மண்புழுக்களைத் தோண்டி எண்ணிய கட்டுரை அது. அதைப் போட்டுக்கொள்கிறோம் என்று ஆய்விதழ் சொன்னால்தான் சந்தியாகு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். மாதக் கடைசியோடு அவருடைய பதிவுக் காலம் முடிகிறது. தவறவிட்டால் ஏழு வருட உழைப்பும் அம்போதான்.

கட்டுரை நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதியிருந்தார்கள். இரண்டே இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள். ஒன்று, ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் இந்த ஆய்வில் என்ன செய்தார் என்று படிவத்தில் நிரப்ப வேண்டும். இரண்டு, கட்டுரையைப் படித்துப் பார்த்த நிபுணருக்கு ஒரு சந்தேகம். மூன்றாவது வாரத்தில் மட்டும் எல்லாப் பாத்தியிலும் புழு பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறதே, ஏன்?

"ரெண்டாவதுக்கு ஏதாவது எழுதிடலாம் மேடம். முதலாவதுதான் உதைக்குது. ஆறு பேருக்கும் நான் என்னன்னு எழுதுவேன்?"

ஆறு பேர் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் சந்தியாகு. அடுத்து, வழிகாட்டி மெகருன்னிசா. மூன்றாவது, சந்தியாகுவின் துறைத் தலைவர். அவர் பெயர் போடாமல் அந்தத் துறையிலிருந்து ஒரு தாளும் வெளியே போனதில்லை. நான்காவது, கல்லூரி முதல்வர். ஐந்தாவது, தாளாளரின் மருமகன், வணிகவியல் பட்டதாரி. ஆறாவது, நாகப்பட்டினத்தில் வேலை பார்க்கும் குலோத்துங்கன், சந்தியாகுவின் பழைய வகுப்புத் தோழர். இவர் கட்டுரையில் அவர் பெயர், அவர் கட்டுரையில் இவர் பெயர் என்று இருவருக்கும் நெடுநாள் உடன்பாடு. அந்த வகையில், தான் கண்ணாலேயே பார்க்காத ஒரு நண்டைப் பற்றிய கட்டுரைக்குச் சந்தியாகு இணை ஆசிரியர்.

"யார் பேரை எடுக்கிறது மேடம்? ஆய்வேட்டோட வைக்கிற தடையில்லாச் சான்றுல எச்.ஓ.டி.யும் பிரின்சிபாலும் கையெழுத்துப் போடணும். அவங்க பேரை எடுத்துட்டு அவங்ககிட்டயே போய் எப்படி நிக்கிறது?"

"நான் யார் பேரையும் எடுக்கச் சொல்லலையே சார்."

"அப்ப என்ன பண்றது?"

மெகருன்னிசா கடிதத்தை ஆறு பிரதி எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றின் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, ஒரு கோடு போட்டார்.

"மூணாவது வாரம் ஏன் புழு குறைஞ்சுது? அவங்கவங்க கையால பதில் எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அவ்வளவுதான் கேளுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

இது எங்கே போய் முடியும் என்று சந்தியாகுவுக்குப் புரியவில்லை. ஆனாலும் போனார்.

துறைத் தலைவர் தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தார்.

"நீங்களே ஏதாவது எழுதுங்க சார், நான் கையெழுத்துப் போடறேன்."

"கையெழுத்தும் பதிலும் ஒரே கையில இருக்கணுமாம் சார்."

"தப்பா எழுதிட்டா?"

"அச்சுல வருமாம் சார், பேரோட."

துறைத் தலைவர் தாளைச் சந்தியாகுவின் பக்கம் தள்ளினார். "சந்தியாகு, இந்த வயசுல எனக்கு எதுக்குங்க மண்புழு? என் பேரை எடுத்துடுங்க. உங்க சான்றைக் கொண்டாங்க, இப்பவே போட்டுத் தர்றேன். இந்தப் பேப்பரை மட்டும் என் மேஜையிலேர்ந்து எடுங்க."

முதல்வர், இது கோர்ட் வரை போகுமா என்று விசாரித்தார். போகாது என்றதும், பிறகு ஏன் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றார். அவரும் சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கட்டுரையிலிருந்து விலகிக்கொண்டார். ஏழு வருடமாகச் சந்தியாகு பயந்துகொண்டிருந்த இரண்டு கையெழுத்தும் டீ இடைவேளைக்குள் கிடைத்துவிட்டன.

தாளாளரின் மருமகன் மனதார வருத்தப்பட்டார்.

"புழுவா சார்? வாழைன்னுல்ல சொன்னீங்க?"

"வாழைத் தோட்டத்துப் புழு சார்."

"ஐயையோ, வேணாம் சார். வீட்ல சிரிப்பாங்க."

குலோத்துங்கனிடம் போனில்தான் பேசினார். அவர் மட்டும் எகிறினார்.

"ஏன்டா, பழகினவன்கிட்டயே பரீட்சை வைக்கிறியா? நண்டு பேப்பர்ல உன் பேரைப் போட்டேனே, அந்த நண்டு என்ன கலர்னு உனக்குத் தெரியுமாடா?"

சந்தியாகு யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் போன வருடம் ஊதிய உயர்வு வாங்கியிருந்தார்.

"என்ன கலர்டா?"

"பேச்சை மாத்தாத. என் பேரை எடுத்தீன்னா, அடுத்து வர்ற இறால் பேப்பர்ல உன் பேர் கிடையாது. பார்த்துக்க."

"வேணாம்டா. இறாலை நான் தட்டுலதான் பார்த்திருக்கேன்."

சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. போனை வைத்ததும் சிரிப்பு வந்தது. அந்த நண்டுக் கட்டுரையிலிருந்தும் தன் பெயரை நீக்கச் சொல்லி எழுத வேண்டும் என்று நாட்குறிப்பில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் பல்கலைக்கழக மாடியை இரண்டிரண்டு படியாக ஏறினார்.

"நாலு பேரும் போயாச்சு மேடம்! சான்றும் வாங்கியாச்சு! இனிமே நீங்களும் நானும்தான்."

"சந்தோஷம் சார். உங்க பதிலைக் குடுங்க."

"என் பதிலா?"

"நீங்கதானே முதல் ஆசிரியர்?"

சந்தியாகு உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, 'பருவ மாற்றம் காரணமாக இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தார்.

மெகருன்னிசா அட்டவணையைப் புரட்டினார். "ரெண்டாவது வாரம் எண்ணினது பங்குனி இருபது. மூணாவது வாரம் பங்குனி இருபத்தேழு. ஏழு நாள்ல என்ன பருவம் சார் மாறிச்சு?"

சந்தியாகு தாளைத் திரும்ப வாங்கி, எழுதியதை அடித்தார்.

"அன்னிக்குத் தோட்டத்துல என்ன நடந்துச்சு?"

அன்றைக்குக் கல்லூரியின் தரத்தை மதிப்பிட ஒரு குழு வந்திருந்தது. சந்தியாகு வாசலில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். அது இப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

"அந்த வாரம் நான் போகலை மேடம்."

"அப்ப யார் எண்ணினது?"

"வீரமலை. எங்க லேப் அட்டெண்டர். எட்டு வாரமும் மண்வெட்டி பிடிச்சது அவர்தான். மூணாவது வாரம் மட்டும் தனியாப் போனார்."

"அவர் பேர் எங்க இருக்கு?"

"நன்றி சொல்ற இடத்துலகூட இல்ல மேடம்." சொல்லும்போது சந்தியாகுவுக்குக் காது சுட்டது. நான்கு பேரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பெல்லாம் இப்போது அவமானமாக இருந்தது. எழுந்து போய்விட்டார்.

வீரமலை ஆய்வகத்தில் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தார். சந்தியாகுவின் வயதுதான் இருக்கும். கேள்வியைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அதைத்தான் அன்னிக்கே போன் போட்டுச் சொன்னேனே சார்."

"என்ன சொன்னீங்க?"

"தோட்டக்காரர் விடியறதுக்கு முன்னாடியே வாய்க்காலைத் திறந்து விட்டுட்டார். பாத்தியெல்லாம் தண்ணி. புழு பூரா வரப்புல ஏறிக்கிச்சு. வரப்பையும் தோண்டி எண்ணட்டுமான்னு கேட்டேன். நீங்க அவசரத்துல, பாத்தில இருக்கிறதை மட்டும் எண்ணுங்கன்னு சொல்லி வெச்சிட்டீங்க."

சந்தியாகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எண்ணாம விட்டுட்டோமே."

"எண்ணினேன் சார்."

"என்னது?"

"மனசு கேக்கல. அத்தனை கெடக்கு, எப்படி விட்டுட்டு வர்றது? நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன். நீங்க பார்த்திருப்பீங்கன்னு நெனைச்சேன்."

நோட்டு சந்தியாகுவின் அலமாரியில்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தை அவர் திருப்பியதே இல்லை. கோணல் கையெழுத்தில், ஒவ்வொரு பாத்திக்கும் பக்கத்து வரப்பு, அதற்கு நேரே புழுக் கணக்கு. கூட்டிப் பார்த்தார். பாத்தியில் குறைந்த புழுக்களில் ஏறக்குறைய அத்தனையும் வரப்பில் இருந்தன.

"வீரமலை, உங்க பேர் இந்தப் பேப்பர்ல வரணும்."

வீரமலை ஓரடி பின்வாங்கினார். "ஏன் சார், தப்பு எதுவும் நடந்துபோச்சா?"

"நடந்துச்சு. உங்களால இல்ல."

பெயர் போட வேண்டுமானால் ஆசிரியர் கட்டுரையை முழுக்க அறிந்து சம்மதிக்க வேண்டும். அது படிவத்திலேயே இருந்தது. ஆகவே அன்று பிற்பகல் முழுவதும் சந்தியாகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, வீரமலை கேட்டார். முதல் அரைமணி நேரம் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கையைத் தூக்கினார்.

"நாலாம் பாத்தி நல்ல வெயில்னா போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"மேற்கால ஒரு தென்னை நிக்குதே சார். மத்தியானத்துக்கு மேல அது பூரா நிழல்."

சந்தியாகு திருத்திக்கொண்டார். அதற்கப்புறம் இன்னும் இரண்டு இடத்தில் கை தூக்கினார் வீரமலை. ஒன்றில் சந்தியாகு சரி, ஒன்றில் அவர் சரி. இருவரும் உற்சாகமாகச் சண்டை போட்டார்கள். நேரம் போனதே தெரியவில்லை. இருபத்தைந்து வருடத்தில் தன் வேலையைப் பற்றி ஒருவரோடு இப்படிப் பேசியதே இல்லை என்று சந்தியாகுவுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை திருத்திய கட்டுரையோடு மெகருன்னிசாவின் அறைக்குப் போனார். மூன்றாவது வாரம் யார் எண்ணினார், முதல் ஆசிரியர் ஏன் அங்கே இல்லை, வரப்புக் கணக்கு எப்படி விட்டுப்போனது, எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதியிருந்தார். தலைப்பின் கீழே மூன்று பெயர்கள்: சந்தியாகு, வீரமலை, மெகருன்னிசா.

"வீரமலைக்குப் பட்டம் எதுவும் இல்ல மேடம். ஒத்துக்குவாங்களா?"

"படிவத்துல பட்டம் கேக்கலையே சார். என்ன செஞ்சீங்கன்னுதானே கேக்குது?"

மெகருன்னிசா நிதானமாகப் படித்தார். வரப்புக் கணக்கு வந்த இடத்தில் "அடேங்கப்பா!" என்று வாய்விட்டுச் சொன்னார். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினார். பேனாவை எடுத்து, மூன்றாவது பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

சந்தியாகு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "மேடம்! உங்க பேரு!"

"ஆமா, என் பேர்தான்."

"கைடு பேர் இல்லாம எப்படி மேடம்?"

"உங்க ஆய்வேட்டுல கைடுன்னு என் பேர் இருக்கும். அது நான் பார்த்த வேலை. இந்தப் பேப்பர்ல நான் என்ன பண்ணினேன்? இங்கிலீஷைக் கொஞ்சம் திருத்தினேன். நன்றி சொல்ற இடத்துல ஒரு வரி போட்டுடுங்க."

"நீங்க புரொஃபசர் ஆகறதுக்கு இன்னும் ஒரு பேப்பர்தானே குறையுது? இது வந்தா இந்த வருஷமே ஆகிடலாமே!"

"குறையுதுதான். எழுதணும்."

சந்தியாகுவுக்குத் தாங்கவில்லை. குரல் உயர்ந்தது. "இது அநியாயம் மேடம். பதில் தெரியாதவங்க நாங்க. நீங்க அப்படியா? மூணாவது வாரம் ஏன் குறைஞ்சுதுன்னு ஒரே ஒரு கேள்வியை வெச்சு எங்க அஞ்சு பேரையும் சோதிச்சுட்டீங்களே!"

மெகருன்னிசா பேனாவை மூடினார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சோதிச்சேன்னா நெனைச்சீங்க? எனக்கும் தெரியாமத்தான் சார் கேட்டேன்."