தரை தொடாத தூண்கள்

முன்னொரு காலத்தில் மருதவளம் என்ற நாட்டை மாறவேள் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது அவனுக்கு. ஆனாலும் அவன் சபையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. இப்போது நினைத்தாலும் மனம் குளிர்கிறது. யாரைத் தண்டிப்பதானாலும் முதலில் வழக்கை மணலில் வீடாக வரைய வேண்டும். குற்றச்சாட்டு கூரை. காரணங்கள் தூண்கள். கண்ணால் கண்டது எதுவோ அதுதான் தரை. தரையில் நிற்காத தூணை அழித்துவிடுவார்கள்.

ராணி இறந்த ஆண்டு அரசன் மெலிந்துகொண்டே போனான். சபையில் நாகசுந்தரர் என்று ஒருவர். மடைப்பள்ளியில் தம் மைத்துனனை அமர்த்த அவருக்கு வெகுநாள் ஆசை. சமையற்காரர் அரியான் சோற்றில் மெல்லக் கொல்லும் நஞ்சு வைக்கிறார் என்று சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் அரியானின் தலை விழவேண்டும் என்றான் அரசன். அரியான் கரண்டியும் கையுமாக வந்து நின்றார்.

அமைச்சர் வெண்காடர் மணலைப் பரப்பச் சொல்லி, கோலோடு குனிந்தார்.

"நாகரே, அரியான் நஞ்சு வைத்தார். கூரை போட்டாயிற்று. தூண்?"

"மன்னர் மெலிந்திருப்பது தெரியவில்லையா?"

"தெரிகிறது. அதற்கு நஞ்சுதான் காரணமென்று எப்படித் தெரியும்?"

"அரியான் மனத்தில் வஞ்சம் இருக்கிறது."

"அது எப்படித் தெரிந்தது?"

"நல்ல கேள்வி கேட்டீர். வஞ்சம் இல்லாதவன் நஞ்சு வைப்பானா?"

அமைச்சர் வஞ்சத்தைத் தூணாக வரைந்து, அதன் அடியை இழுத்துக்கொண்டே போய்க் கூரையின் மேல் நிறுத்தினார். "கூரையைத் தூண் தாங்குகிறது. தூணைக் கூரை தாங்குகிறது. நாகரே, இந்த வீட்டில் நீரே முதலில் குடியேறும்."

சபை சிரித்தது. அமைச்சர் சிரிக்கவில்லை.

"மன்னா, தரையைத் தொடுவது ஒன்றுதான், தங்கள் மெலிவு. அதன்மேல் வேறு கூரையும் நிற்கும். இலையில் வைப்பதில் எவ்வளவு உண்கிறீர்கள்?"

அரசன் மணலைப் பார்த்தபடி சொன்னான்.

"நாலு கவளம். எதிரில் அவள் இலை இல்லை, அமைச்சரே."

அமைச்சர் அதை வரையவில்லை. கோலைக் கீழே வைத்தார்.

அரியான் தலை தப்பியது. நாகசுந்தரர் மடைப்பள்ளியில் ஒரு மாதம் காய் நறுக்கவேண்டும் என்று ஆணை பிறந்தது. அமைச்சருக்கு முத்துமாலையும், தினமும் அரசனுக்கு எதிரே அமர்ந்து உண்ணும் உரிமையும் கிடைத்தன.

அன்று மதியம் இரண்டு இலை போட்டார்கள். அரசன் குழம்பைப் பிசைந்து உண்டுவிட்டு, உப்பு குறைவு என்று அரியானைக் கடிந்துகொண்டான். அரியானுக்குக் கண் கலங்கிவிட்டது. ராணி போன பிறகு அரசன் உப்பைப் பற்றிப் பேசியது அன்றுதான்.