பாப்பா யார் மடியில் உட்கார வேண்டும்?

உடுமலைப்பேட்டையில் செவிலியராக வேலை பார்க்கும் பூங்கோதைக்கு மகள் ஒருத்தி, உடன்பிறந்தவர் மூவர். மகளுக்குப் பதினோரு மாதம். காதுகுத்துக்கு நாள் குறித்தாயிற்று. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன்களோ மூன்று பேர். மூத்தவன் என்ற உரிமையை அண்ணன் மாசிலாமணி காட்டினான். தம்பிகள் தணிகையும் சேந்தனும் ஒப்பவில்லை.

பூங்கோதை ஒரு வழி கண்டுபிடித்தாள். மகளின் படிப்புக்காக மாதாமாதம் கொஞ்சம் பங்குகள் வாங்கி, பதினேழு ஆண்டுகள் விற்காமல் வைத்திருக்க அவளுக்கு ஆசை. பங்குச் சந்தையோ அவள் எட்டிக்கூடப் பார்த்திராத இடம்.

"எனக்குத் தோதான செயலியை யார் கொண்டு வர்றீங்களோ, அவங்க மடியிலதான் பாப்பா" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் அவள் வீட்டில் தட்டின் முன் அமர்ந்தார்கள். வேகும் முன்பே மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது பூங்கோதையின் வழக்கம். அதனால் அன்றும் இட்லி நடுவில் குழிந்திருந்தது.

"ஏ அம்மிணி, சாம்பார் தேங்கி நிக்குது. திருமூர்த்தி அணையா கட்டி வெச்சிருக்கறே?" என்றான் மாசிலாமணி.

"பேசாம சாப்புடுங்கண்ணா."

மூவரும் கொண்டு வந்த செயலிகள் முறைப்படி பதிவு பெற்றவை. அதில் ஐயம் வேண்டாம்.

மாசிலாமணி முதலில் தொடங்கினான். "கணக்கு உன் பேர்ல. போன் நம்பர் என்னுது, பாஸ்வேர்டும் எங்கிட்ட. மாசாமாசம் நானே வாங்கிப் போட்டர்றேன். நீ டூட்டி முடிச்சு வந்து நிம்மதியாத் தூங்கு."

தணிகை கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "இதுல வாங்க, விக்கக் கட்டணமே இல்லைக்கா. விலை அசைஞ்சாப் போதும், மணி அடிக்கும். ஏறினாப் பச்சை, எறங்கினாச் சிவப்பு. ஒரு தட்டுத் தட்டினா வித்துடலாம்."

சேந்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இதுக்கு வருசத்துக்கு ஒரு சின்னக் கட்டணம் இருக்குதுக்கா. மாசம் ஒருக்கா தானா வாங்கிக்கும். மணியெல்லாம் அடிக்காது. நீயாத் தேடிப் போனாத்தான் விலை காட்டும். உதவி நம்பருக்கு மூணு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். தமிழ்லயே பேசுனாங்க."

"காசையும் குடுத்துக் கண்ணையும் மூடிக்கணுமாடா?" தணிகை சிரித்தான்.

அடுப்பில் அடுத்த ஈடு வெந்துகொண்டிருந்தது. சேந்தன் எழுந்து போய், பானை மூடியின் மேல் இஞ்சி தட்டும் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அக்கா முறைத்தாள்.

மூவரும் அவள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். நீங்களே சொல்லுங்கள்: பாப்பா யார் மடியில் உட்கார வேண்டும்?

விடை: சேந்தன் மடியில். மாசிலாமணியின் அன்பில் குறையே இல்லை. ஆனால் சாவி அண்ணன் இடுப்பில் இருக்கும்வரை பெட்டி தங்கையுடையது ஆகாது. நாளை அவனுக்கு ஒன்று என்றால் அவள் எங்கே போய்த் தட்டுவாள்? தணிகை சொன்ன சலுகை அடிக்கடி வாங்கி விற்பவருக்கு உதவும். அக்காவோ விற்கப் போவதில்லை. ஆனால் அந்த மணி விற்க வைத்துவிடும். இட்லியையே வேகவிடாதவள் பதினேழு ஆண்டுகள் எப்படிப் பொறுப்பாள்? சேந்தன் அவளுக்குக் கனமான ஒரு மூடியைத் தேடிக் கொடுத்தான். காது குத்திய அன்று அவன் மடியில் பாப்பா கொஞ்சம்தான் அழுதாள். பக்கத்தில் நின்ற மாமன்கள் இருவரையும் தேற்றத்தான் நெடுநேரம் ஆயிற்று.