அம்மாவும் மூன்று வீட்டுக் கரண்டும்

“அட்டையைக் காட்டுடா. மறைச்சா நீ தோத்துட்டேன்னு அர்த்தம்,” என்றாள் நார்வேயிலிருந்து அக்கா பூங்கோதை. செல்போன் திரையில் அவளுக்குப் பின்னால் பனி விழுந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லாமல்.

சேந்தன் மீட்டர் அட்டையை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தான். தோற்றால் அம்மா போய்விடுவாள். விஷயம் அவ்வளவுதான்.

அம்மா செண்பகம் ஒரு கனவு கண்டிருந்தாள். உலகத்தில் எரிகிற ஒவ்வொரு விளக்கின் பின்னாலும் ஒரு நூல் ஓடுகிறது. அதைப் பிடித்தபடி அவள் காற்றில் நடக்கிறாள். ஒரு நூலின் முடிவில் கரும்புகை. இன்னொன்றின் முடிவில் வெளிறிய புகை. மூன்றாவது நூல் வெறும் அருவிச் சாரலில் நனைந்து கிடக்கிறது. விழித்ததும், “என்கூட இரு, என்கூட இரு” என்று பிய்த்துக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டாள்: “யார் வீட்டுக் கரண்டால வானத்துக்குப் புகை கம்மியாப் போகுதோ, அங்கதான் இருப்பேன்.”

மூன்று வீட்டிலும் இரண்டிரண்டு பேர். மூன்றிலும் கரண்டு அடுப்பு.

திரையின் இன்னொரு கட்டத்திலிருந்து சிங்கப்பூர் அண்ணன் இளவழகன் முந்திக்கொண்டான். “என் பில்லுல முந்நூறு யூனிட். இங்க கரண்டு கேஸ்ல வருது. ஏசியைக்கூடக் குறைச்சிட்டேன். உன்னோடது?”

“நானூறு.” பொய் சொல்ல வராத வாய் சேந்தனுக்கு.

“போச்சு! அம்மா, பெட்டியைக் கட்டு.”

“இருண்ணே. உனக்கு மாசாமாசம் பில்லு. இங்க ரெண்டு மாசத்துக்கு ஒருதரம்தான் வந்து அட்டையில எழுதுறாங்க. மறந்துட்டியா? மாசத்துக்கு எரநூறுதான். நீதான் தோத்த.”

சேந்தனுக்கு உடம்பே லேசாகி மிதந்தது. ஜன்னலுக்கு வெளியே நிலக்கரி ரயில் அனல்மின் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, தூக்கத்தில் நடப்பதுபோல மெதுவாக. முடிவே இல்லாத ரயில். அவர்கள் வீட்டுக் கரண்டு அங்கிருந்துதான்.

“எனக்கு மாசம் ஆயிரத்து முந்நூறு,” என்றாள் அக்கா.

“ஊருக்கே விளக்குப் போடுறியா?” என்றான் அண்ணன்.

“சிரிக்காதீங்கடா. குளிருக்கு வீட்டைச் சூடாக்கறதும் கரண்டுதான். ஆனா இங்க மலையிலேர்ந்து தண்ணி விழுது, அதுலேர்ந்து கரண்டு வருது.”

தம்பிகள் இருவரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

காகிதத்தில் இருக்கிற எண்ணைப் பார்த்தால் அண்ணன். மாதக் கணக்கை ஒழுங்காகப் போட்டால் சேந்தன். இத்தனை செலவழித்துவிட்டு அக்காவும் உரிமை கேட்கிறாள். சொல்லுங்கள், அம்மா யாரிடம் போக வேண்டும்?

அக்காவிடம்தான். அம்மா கேட்டது புகையை, யூனிட்டை அல்ல. சேந்தனின் இருநூறும் நிலக்கரி எரிந்து வந்தவை. ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி கக்குவதில் ஏறக்குறைய பாதிதான் கேஸ் கக்கும்; அதனால் கேஸில் வந்த அண்ணனின் முந்நூறுக்கே புகை அதைவிடக் குறைவு. தண்ணீரில் வந்த அக்காவின் ஆயிரத்து முந்நூறுக்கு இன்னும் குறைவு. சேந்தனுக்கும் இது புரிந்தது. விமானம் கக்குகிற புகையைச் சொல்லி அவன் வாதாடியிருக்கலாம். அப்படி மழுப்பவில்லை. “நார்வேக்கு டிக்கெட் போடுப்பா,” என்றாள் அம்மா. “சரிம்மா,” என்றான். பத்து நாளாகிறது. இன்னும் போடவில்லை.