பாறை நிழலில் பூத்த காசித்தும்பை

மாதங்கியின் ஆசிரமம் மலைமேல் ஒரு புல்வெளியின் ஓரத்தில் இருந்தது. மழை விட்டால் அங்கே காட்டுக் காசித்தும்பை பூக்கும். ஓடையோரம் வெள்ளை, மேட்டில் நல்ல சிவப்பு. பாறையடியில் மட்டும் வெளிறிய ரோஸ் நிறத்தில் கொஞ்சம் நின்றது.

சீடர் வேலப்பன் மாதங்கியைவிட வயதில் மூத்தவர். அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணே என்பார். இருவருக்கும் அது சரியாகவே இருந்தது.

வேலப்பன் கீழே டவுனில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். சாயங்காலக் கூட்டத்தில் யாராவது, "மாஸ்டர், என் பரோட்டா செட்டு எங்கே?" என்று இரண்டாவது தடவை கேட்டால் கரண்டி பறக்கும். மிச்சக் கோபம் வீட்டுக்குப் போகும். ஒருநாள் அவர் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் மலையேறினார். இங்கே வந்தபின் அவர் குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை.

அன்று காலை மனைவி போனில் கூப்பிட்டாள்.

"பாப்பா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கா. வந்து எங்களோட இருங்க. ஆனா கை நீட்டுற ஆளா வர்றதா இருந்தா வேண்டாம்."

சாயங்காலம் சொல்வதாகச் சொல்லிவிட்டு நேரே மாதங்கியிடம் வந்தார். குரு களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் மாறிட்டேனா?"

மாதங்கி பாறையடியைக் காட்டினார்.

"அது என்ன பூ, அண்ணே?"

"கலப்பும்மா. வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தது. பார்த்தாலே தெரியுதே."

"வாங்க."

மேட்டில், நல்ல வெயிலில், ஒரு பாத்தி. அத்தனையும் சிவப்பு.

"பாறையடிச் செடியோட விதைதான். போன வருஷம் எடுத்து இங்கே போட்டேன். கலப்பா இருந்தா நடுவுல வெள்ளையும் வந்திருக்கும்."

"அப்போ அது...?"

"சிவப்புதான். நிழல்ல வெளுத்திருக்கு."

வேலப்பன் ஒரு முற்றின காயைத் தொட்டார். காசித்தும்பைக் காய்க்குத் தொட்டால் வெடிக்கிற குணம். படக்கென்று வெடித்து விதை தெறித்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். பயந்துபோயிருந்தார்.

"எங்கப்பாவும் இப்படித்தாம்மா, தொட்டா வெடிப்பார். நானும் இங்கே நிழல்ல வெளுத்துத்தான் கிடக்கிறேனா?"

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"நிழல்ல வச்சுப் பார்த்து எப்படிச் சொல்றது?"

வேலப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்போ இன்னைக்கே அவங்ககிட்ட போறேன். இருந்து பார்த்தா தெரிஞ்சிடும்."

"நில்லுங்க."

மாதங்கி அவ்வளவு உரக்கப் பேசி அவர் கேட்டதில்லை.

"நான் போட்டது விதை. வீணாப் போயிருந்தா ஒரு கைப்பிடி விதை வீண். அங்கே இருக்கிறது உங்க பொண்ணு."

வேலப்பன் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியது.

"அவளுக்கு என்னம்மா சொல்ல?"

"இன்னும் தெரியலைன்னு சொல்லுங்க. அதுதானே உண்மை?"

"அப்போ வெயிலுக்கு நான் எங்கே போவேன்?"

மாதங்கி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"உங்க பழைய பரோட்டாக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?"