தட்டோட நின்னவரு

"மேடம், சர்வர் மறுபடியும் ரெண்டு நிமிஷம் அப்படியே நின்னுடுச்சு!"

மூச்சு வாங்க வந்து நின்னாரு தணிகாசலம். அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரெல்லாம் அவரு பொறுப்பு. வயசு அம்பது. ரெஜினா அவரைவிட பன்னெண்டு வயசு சின்னவங்க. ஆனா சர்வர்னா அவங்கதான் அவருக்கு குரு.

ரத்த வங்கி லிஸ்டு அந்த சர்வர்லதான் இருக்கு. மெமரி நெரம்பினா, அதைக் காலி பண்ணி முடிக்கிற வரைக்கும் எல்லாம் ஒறைஞ்சு போகும். பத்து மணிக்கு ஒரு பொண்ணுக்குப் பிரசவ ஆபரேஷன். லேசுல கெடைக்காத குரூப்பு ரத்தம், அந்த லிஸ்டைப் பார்த்துத்தான் எடுக்கணும்.

அந்தப் பொண்ணோட மாமியாரு இருக்காங்களே, தூக்குவாளியை உள்ள விடலன்னு மொத நாளே வாட்ச்மேனோட சண்டை. கடைசியில அந்த ரசத்தை வாட்ச்மேனே குடிச்சுட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாராம். சரி, அது கெடக்கட்டும்.

"மெமரியைக் காலி பண்ற வேலை எப்ப ஆரம்பிக்கணும்னு வச்சிருக்கீங்க?"

"கடைசியிலதான் மேடம். கொஞ்சம்கூட மிச்சமில்லாம யூஸ் ஆகட்டுமே. சும்மா கெடந்தா வேஸ்டுதானே?"

ரெஜினா மணி பார்த்தாங்க. எட்டேகால்.

"வாங்க சார், இட்லி சாப்பிடலாம்."

"இட்லியா! மேடம், பத்து மணிக்கு அந்தப் பொண்ணு..."

அவங்க நடந்துட்டாங்க.

கேன்டீன்ல கூட்டம். சாப்பிட்டவங்க எழுந்து போயாச்சு, ஆனா மேசை பூரா எச்சித் தட்டு. துடைக்கிற குப்புராஜ் சுவத்தோரம் ஸ்டூல்ல உக்காந்திருக்காரு.

"யோவ், ஒரு மேசையாவது துடையேன்யா!" தணிகாசலம் கத்தினாரு.

"அதோ ஒண்ணு காலியா இருக்குல்ல சார். அதுவும் நெரம்பட்டும், மொத்தமா துடைச்சுடறேன்."

சொல்லி வாய் மூடல, அதுலயும் ஒருத்தரு வந்து உக்காந்தாரு.

குப்புராஜ் எழுந்து, அந்தக் கோடியிலேர்ந்து மெதுவா ஆரம்பிச்சாரு.

தணிகாசலத்துக்கு ஒரு கையில சுடச்சுடத் தட்டு. இன்னொரு கையால யாரோட எச்சித் தட்டையோ அடுக்கறாரு. சாம்பார் சட்டையில. பின்னால எட்டு பேரு தட்டோட.

பாக்கெட்டுல போன் அடிக்குது. ரத்த வங்கியாத்தான் இருக்கும். எடுக்கக் கை இல்ல.

"ஏன்யா, பசியோட வர்றவன்தான் துடைச்சுக்கணுமா?"

கத்தின வாய் அப்படியே நின்னுச்சு.

"அவரைத் திட்டாதீங்க சார்," ரெஜினா மெதுவா சொன்னாங்க. "எப்ப எழுந்திரிக்கணும்னு அவருக்கு யாரோ சொல்லி வச்சிருக்காங்க."

தணிகாசலத்தோட தட்டு அவங்க கைக்கு வந்துச்சு.

ஆளு அதுக்குள்ள மாடிப்படியில, சர்வர் ரூமைப் பார்த்து.