கதவு

எக்ஸ்ரே பிரிவில் வேலை சொல்லித் தந்த நசீமாவுக்கு முப்பத்திரண்டு வயது. கற்றுக்கொள்ள வந்த சேவியருக்கு ஐம்பத்திரண்டு. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நோயாளியின் சீட்டில் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாமல் விடமாட்டார்.

முதல் நாளே கேட்டார். "மேடம், கண்ணுக்குத் தெரியாத கதிர் இது. இங்க வர்றவங்களக் காப்பாத்துறது எது?"

"கதவு," என்றார் நசீமா.

சேவியர் கதவைத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஈயத் தகடு. சரிதான், கதிர் வெளியே போகாது. இந்தச் சின்னப் பதிலுக்கா இவரைக் கெட்டிக்காரி என்கிறார்கள் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் அனுசுயா வந்தாள். ஒரு மாதமாக வயிற்று வலி. பேரியம் கரைசலைக் குடிக்க வைத்து, அது குடலுக்குள் இறங்குவதைத் திரையில் ஓடும் படமாகப் பார்க்க வேண்டும். கூட மாமியார். வாசல் பெஞ்சில் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

சேவியர் வாசலில் நின்றபடியே சீட்டைப் படித்துக் கேட்டார். அணிவகுப்பில் பழகிய குரல்.

"கர்ப்பமா இருக்கீங்களா? நாள் ஏதும் தள்ளிப் போயிருக்கா?"

பெஞ்சு மொத்தமும் திரும்பியது.

"அந்தக் குடுப்பினை எங்க தம்பி இருக்கு?" என்றாள் மாமியார். "ரெண்டு தடவ உண்டாயி தங்கல."

அனுசுயா தரையைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினாள். சேவியர் 'இல்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

உள்ளே நசீமா கோப்பையை நீட்டினார். வாங்கிய அனுசுயா குடிக்கவில்லை.

"இதுனால ஒண்ணும் ஆயிடாதுல்ல அக்கா?"

"யாருக்கு?" என்றார் நசீமா.

அனுசுயாவின் இன்னொரு கை வயிற்றுக்குப் போனது. நசீமா கோப்பையைத் திரும்ப வாங்கி வைத்தார்.

"சேவியர் சார், வெளியே நில்லுங்க. நான் கூப்பிடுற வரைக்கும் யாரையும் விடாதீங்க."

நசீமா கதவைச் சாத்தினார்.

"எத்தன நாள் தள்ளிப் போயிருக்கு?"

"பதினோரு நாள். அவருக்குக்கூடச் சொல்லல. ரெண்டு தடவையும் வெளிய சொன்னதும் போயிருச்சு. இந்தத் தடவ மூணு மாசம் வாயே தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "போன வாரம் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தாங்களே. அதுல எதாச்சும் ஆயிருக்குமா?"

"அது ஒரு நொடி. வயித்துக்கு வந்து சேர்றது ஒண்ணுமில்லாத அளவு, பயப்படாதீங்க. இது அப்படியில்ல. வயித்து மேலயே நிமிஷக் கணக்குல ஓடும். அதான் கேக்குறோம்."

வெளியே மாமியார் எழுந்து வந்தாள். "உள்ள என்ன நடக்குது? எம் மருமகளுக்கு என்ன?"

படத்தைப் பார்க்க வேண்டிய டாக்டரும் வந்துவிட்டார். "இன்னும் ஆரம்பிக்கலையா? வழிய விடுங்க."

சேவியர் நகரவில்லை. சட்டை முதுகில் ஒட்டியது. எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கே தெரியாது. சொன்னார்கள், நின்றார்.

கதவு திறந்தது. நசீமா டாக்டரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்து மாமியாரிடம் சொன்னார். "இன்னைக்கு இது வேண்டாம்மா. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும்னு டாக்டர் சொல்றார். அதுல கதிர் கிடையாது."

"மிஷின் ரிப்பேரா?"

"மிஷினுக்கு ஒண்ணுமில்ல."

அவர்கள் போன பிறகு சீட்டில் தான் எழுதிய 'இல்லை'யை நசீமா அடித்துவிட்டிருப்பதைச் சேவியர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மேடம், இன்னும் ரெண்டு நிமிஷத்துல படம் ஓட ஆரம்பிச்சிருக்கும்."

"ஆமா."

"நான் கேட்டேனே மேடம். ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன்."

"கேட்டீங்க சார்," என்றார் நசீமா. "அப்ப கதவு சாத்தியிருந்துச்சா?"

அடுத்த பெண் வாசலில் வந்து நின்றாள். சேவியர் சீட்டை எடுத்துக்கொண்டார். வாசலில் வைத்து ஒன்றும் கேட்கவில்லை. அவள் உள்ளே வர வழிவிட்டு நின்றார்.